கெட்டிமேளம் கொட்டும்போது கேமரா எங்கே நிற்க வேண்டும்?

கல்யாண போட்டோகிராபர்களும், அவர்களை அமர்த்தும் குடும்பங்களும் தெரிந்துகொள்ள வேண்டிய நாகரிகங்கள்

ஐயர் கையை உயர்த்தி, ‘கெட்டிமேளம்... கெட்டிமேளம்...’ என்கிறார். தவிலும் நாகஸ்வரமும் உச்சத்துக்குப் போகின்றன. மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேரும் கையில் அட்சதையோடு எழுந்து நிற்கிறார்கள். எட்டி எட்டிப் பார்த்தால் தெரிவது, கறுப்பு டி-ஷர்ட் போட்ட நான்கு முதுகுகள், இரண்டு லைட் ஸ்டாண்டுகள், அந்தரத்தில் ஆடும் ஒரு ஜிம்பல். தாலி ஏறிவிட்டது என்பதே, மேளத்தின் வேகம் குறைந்த பிறகுதான் பின்வரிசைக்குப் புரிகிறது. வீசிய அட்சதையில் பாதி போட்டோகிராபரின் தலையில்!

சமீபத்தில் ஒரு கல்யாணத்துக்காவது போய்வந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. முணுமுணுத்துவிட்டுப் பந்திக்குப் போய்விடுகிறோம். ஆனால், பேத்தி கழுத்தில் தாலி ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றே ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்த பாட்டிக்கு அது சின்ன விஷயம் இல்லை.

போட்டோகிராபர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மூன்று முடிச்சு விழுவதற்குச் சில நொடிகளே ஆகும். அந்தப் படம் இல்லாமல் ஆல்பத்தைக் கொடுத்தால், மற்ற ஆயிரம் படங்களும் வீண். ‘தாலி கட்டுற போட்டோ எங்கே?’ என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது. ரிசப்ஷனில் ஒரு படம் தவறினால் திரும்ப நிற்க வைக்கலாம். இதைத் திரும்ப எடுக்க முடியாது.

இரண்டு நியாயங்களையும் ஒரே மேடையில் காப்பாற்றுவதில்தான் இந்தத் தொழிலின் நாகரிகம் இருக்கிறது. கல்யாணத்தைப் படம் எடுக்க வந்தவர், கல்யாணத்தையே ஷூட்டிங் ஆக்கிவிடக் கூடாது. அதற்கு என்னென்ன செய்யலாம்?

சடங்கு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

தமிழ்நாட்டில் ‘கல்யாணம்’ என்பது ஒரே மாதிரி நடக்கும் நிகழ்ச்சி இல்லை. கொங்குப் பகுதிக் கல்யாணத்தில் அருமைக்காரர் முன்னின்று நடத்தும் சீர்கள் உண்டு. மாப்பிள்ளையின் சகோதரிக்கு உரிய இணைச்சீரை விட்டுவிட்டால் அந்த வீட்டில் மனத்தாங்கல் வரும். நகரத்தார் வீட்டில் திருப்பூட்டுதான் உச்சம். பிராமணர் வீட்டில் மாமாக்கள் தோளில் தூக்க மாலை மாற்றுவதும், ஊஞ்சலும் தவறக் கூடாதவை. சுயமரியாதைத் திருமணத்தில் மாலை மாற்றியதுமே எல்லாம் முடிந்துவிடலாம். 1967-ம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சட்டப்படி செல்லுபடியாகும் இந்தத் திருமணத்தில், புரோகிதர் மந்திரம் சொல்லும் நேரத்தில் லென்ஸ் மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் படம் போச்சு.

தேவாலயத் திருமணம் என்றால், ஃபிளாஷ் போடலாமா, பீடத்துக்கு எவ்வளவு அருகில் போகலாம் என்று பங்குத்தந்தையிடம் முன்பே கேட்டுவிட வேண்டும். நிக்காஹ் என்றால், பெண்கள் பகுதியில் படம் எடுக்கலாமா, எடுக்கலாம் என்றால் பெண் போட்டோகிராபர் வேண்டுமா என்பது முதல் கேள்வி. மண்டபத்துக்கு வந்து நின்றுகொண்டு கேட்கிற கேள்விகள் இல்லை இவை. ஒரு வாரம் முன்பே வீட்டுப் பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து, சடங்குகளை வரிசையாக எழுதி வாங்கிக்கொள்ளலாம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தவர் முன்கூட்டியே இடம் பார்த்து அமைதியாக நிற்பார். தெரியாதவர்தான் குறுக்கே ஓடுவார்.

அந்தச் சில நொடிகள்

தாலி கட்டும்போது மணவறையின் நேர் முன்பக்கம் காலியாக இருக்க வேண்டும். இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். ஒரு கேமரா மேடையின் இடது ஓரம், இன்னொன்று வலது ஓரம். கூட்டம் முழுவதும் தெரிகிற படத்துக்கு, மூன்றாவது ஆள் மண்டபத்தின் நடுப்பாதையில் தள்ளி நின்று எடுக்கலாம். மேடையில் இருப்பவர்கள் முழங்கால் போட்டு உட்கார்ந்தால், பின்னால் இருப்பவர்களுக்குப் பார்வை மறைக்காது. லைட் ஸ்டாண்டுகளை அதிகாலையிலேயே ஓரங்களில் நிறுத்தி, வயர்களைத் தரையோடு டேப் ஒட்டிவிட்டால் பட்டுப்புடவை தடுக்கி யாரும் விழவும் மாட்டார்கள்.

முன்வரிசையில் செல்போனோடு எழுந்து வரும் உறவினர்களும் ஒரு பெரிய மறைப்புதான். அவர்களை போட்டோகிராபர் அதட்டக் கூடாது. வீட்டார் சார்பில் ஒருவர், ‘உட்கார்ந்து பாருங்க, படம் எல்லாருக்கும் அனுப்புறோம்’ என்று மைக்கில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பேர் கேட்பார்கள்.

செய்யவே கூடாதவை சில உண்டு. ‘ஐயரே, ஒரு நிமிஷம்’ என்று மந்திரத்தை நிறுத்துவது. ‘மாப்பிள்ளை, இன்னொரு தடவை முடிச்சு போடுற மாதிரி கையை வைங்க’ என்று திரும்ப நடிக்கச் சொல்வது. நல்ல நேரம் பார்த்து வைத்த முகூர்த்தம், ஃபோகஸ் சரியில்லை என்பதற்காக நிற்காது. அப்புறம், ஷூ. அக்னி வளர்த்திருக்கிற மணவறையில் செருப்போடு ஏறும் போட்டோகிராபரை யாரும் எதுவும் சொல்லாமல் இருக்கலாம். பெரியவர்கள் மனதில் அது நிற்கும்.

டிரோனுக்கும் இது பொருந்தும். மூடிய மண்டபத்துக்குள் தலைக்கு மேல் இரைச்சலோடு பறக்கவிட்டால் மந்திரமும் கேட்காது, குழந்தைகளுக்கும் ஆபத்து. வெளியில் பறக்கவிடுவதற்கும் விதிகள் இருக்கின்றன. 2021-ம் ஆண்டு டிரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனைத் தொழில் நிமித்தம் இயக்குபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். விமான நிலையத்தை ஒட்டிய பகுதிகளில் கட்டுப்பாடுகள் கடுமையானவை. மண்டபம் எந்த மண்டலத்தில் வருகிறது என்பதை மத்திய அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

‘பொண்ணோட அப்பாவைக் கூப்பிடுங்க!’

குடும்பப் படம் எடுக்கும் நேரம். ‘பொண்ணோட அப்பா எங்கே? சீக்கிரம் மேடைக்கு வரச் சொல்லுங்க’ என்று போட்டோகிராபர் குரல் கொடுக்கிறார். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மணப்பெண் தலையைக் குனிந்துகொள்கிறாள். அதற்குப் பிறகு எடுக்கிற இருபது படங்களிலும் அவள் கண்கள் சிவந்தே இருக்கும். கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

புக்கிங் முடிந்ததும் மணப்பெண்ணிடமும் மாப்பிள்ளையிடமும் தனித்தனியே நான்கு விஷயங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். பெற்றோர் இருவரும் இருக்கிறார்களா? பிரிந்து வாழ்கிறவர்கள் யாராவது உண்டா? ஒரே படத்தில் நிற்க விரும்பாதவர்கள் யார்? கட்டாயம் படம் வேண்டிய முதியவர்கள் யார்? இதைக் கேட்பது வம்பு இல்லை. காரணத்தைச் சொல்லிக் கேட்டால், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கணவரை இழந்த அம்மாக்கள் பல கல்யாணங்களில் தாங்களாகவே தூண் ஓரம் ஒதுங்கி நிற்பதைப் பார்க்கலாம். ‘அம்மா கட்டாயம் என் பக்கத்தில் நிற்கணும்’ என்று மணமக்கள் முன்பே சொல்லியிருந்தால், போட்டோகிராபரின் ஓர் அழைப்பு பெரிய உதவி. ‘அம்மா, உங்களோட ஒரு படம் வேணும்னு பொண்ணு கேட்டாங்க, வாங்க’ என்றால் அவர் வருவார். யாருமே கூப்பிடாவிட்டால், மகளின் கல்யாண ஆல்பத்தில் அவர் எங்கோ ஓரத்தில் பாதி முகமாகத்தான் இருப்பார்.

முதியவர்களின் படங்களை ரிசப்ஷன் வரிசை வரை தள்ளிப்போட வேண்டாம். முகூர்த்தம் முடிந்த கையோடு, அவர்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கே மணமக்களை அழைத்துப்போய் எடுத்துவிடலாம். பல வீடுகளில் தாத்தாவின் கடைசி நல்ல படம் ஒரு கல்யாணத்தில் எடுத்ததாகத்தான் இருக்கிறது.

தொடாமல் சொல்லுங்கள்

போஸ் சொல்லிக்கொடுக்கிறேன் என்று மணப்பெண்ணின் தாடையை நிமிர்த்துவது, தோளைத் திருப்புவது, முந்தானையைச் சரிசெய்வது... போட்டோகிராபர் ஆணோ பெண்ணோ, கேட்காமல் தொடக் கூடாது. தானே நின்று காட்டலாம். இல்லாவிட்டால், பக்கத்தில் இருக்கும் அக்காவிடமோ தோழியிடமோ சொல்லலாம். ‘கட்டிப்பிடிங்க’, ‘நெற்றியில் முத்தம் கொடுங்க’ போன்ற போஸ்களை இருவரிடமும் முன்பே பேசி முடிவு செய்துவிட வேண்டும். முதல் முறை நெருங்கி நிற்கும் ஜோடியை, இரண்டு வீட்டுப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வற்புறுத்தினால், அந்தச் சங்கடம்தான் படத்தில் விழும்.

அலங்கார அறைக்குள் நுழையும் முன் கதவைத் தட்டி, உள்ளே இருக்கும் எல்லோரிடமும் அனுமதி கேட்க வேண்டும். மணப்பெண் சரி என்றாலும், அதே அறையில் புடவை மாற்றிக்கொண்டிருக்கும் சித்திக்குச் சரியில்லாமல் இருக்கலாம். உடை மாற்றுவது போன்ற தனிப்பட்ட நேரத்தில் ஒரு பெண்ணைப் படம் பிடிப்பது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவின்படி குற்றம். எடுக்கச் சம்மதித்து, பரப்பச் சம்மதிக்காத படத்தைப் பரப்பினாலும் அதே பிரிவு பாயும்.

அடுத்தது நிறம். மாநிறமான பெண்ணை ஆல்பத்தில் சந்தன நிறமாக்கிக் கொடுப்பதை ஒரு சேவை போலச் செய்கிறார்கள். அவர் கேட்டாரா? முகப்பருவை மறைப்பது வேறு, ஆளையே மாற்றுவது வேறு. எவ்வளவு ‘டச்சப்’ வேண்டும் என்பதை, இரண்டு மாதிரிப் படங்களைக் காட்டி அவரிடமே கேட்டுவிடலாம்.

பந்தியையும் சொல்லிவிடலாம். பந்திப் படம் வேண்டும்தான். ஆனால், வாய் நிறைய சாம்பார் சாதத்தோடு இருக்கும் மாமாவின் முகத்துக்கு நேரே லைட் அடித்து வீடியோ எடுப்பதில் யாருக்கு என்ன லாபம்? இலை போடும்போதும், முதல் பரிமாறலின்போதும் எடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

படம் யாருடையது?

கல்யாணம் முடிந்த மறுநாள், இன்ஸ்டாகிராமில் ஸ்டூடியோவின் பக்கத்தில் மணப்பெண்ணின் ரீல்ஸ் ஓடுகிறது. வீட்டுக்கு இன்னும் ஒரு படம்கூட வரவில்லை. கீழே முகம் தெரியாத ஆட்களின் கமென்ட்டுகள். இது சரியா?

1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பணம் கொடுத்து ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது அதன் 17-வது பிரிவு. ‘வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்’ என்ற சொற்கள்தான் முக்கியம். புக்கிங் படிவத்தின் கடைசியில் பொடி எழுத்தில், ‘படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை ஸ்டூடியோவுக்கு உண்டு’ என்று ஒரு வரி இருந்து, அதில் நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால் கதை மாறிவிடும். அதனால் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வேண்டாம் என்றால் அந்த வரியை அடித்துவிடச் சொல்லலாம்.

போட்டோகிராபருக்குப் புது வாய்ப்புகள் வருவதே இந்தப் பதிவுகளால்தான் என்பதும் உண்மை. அதனால், ‘இந்தப் பத்துப் படங்களைப் போட்டுக்கொள்ளலாமா?’ என்று படங்களைக் காட்டிக் கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்குவது நல்ல வழக்கம். குழந்தைகளின் படங்களுக்கு அவர்களின் பெற்றோரிடம் தனியே கேட்க வேண்டும். யூடியூபில் நேரலை செய்வதாக இருந்தால், லிங்க் வைத்திருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி ‘அன்லிஸ்டட்’ ஆக வைப்பது பாதுகாப்பு. வெளிநாட்டு உறவினர்களுக்கு அதுவே போதும்.

ஒரு கார்டு போனால்...

கல்யாணப் படங்கள் தொலைந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஈடுகட்ட முடியாது. ஆகவே, கல்யாணத்துக்கு வரும் கேமராவில் இரண்டு மெமரி கார்டு போடும் வசதி இருப்பதும், ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதிவாவதும் அவசியம். அன்று இரவே படங்களை இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்கில் ஏற்ற வேண்டும். இன்னொரு பிரதியை வேறு கட்டடத்திலோ, கிளவுடிலோ வைக்க வேண்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில் என்று கணினித் துறையினர் சொல்வது இதைத்தான். எல்லாம் சரிபார்க்கும் வரை கார்டை அழிக்கக் கூடாது.

படம் கொடுக்கும் தேதியும் வாக்குத்தான். மாப்பிள்ளை வெளிநாட்டில் வேலை செய்பவராக இருந்தால், மனைவியின் விசா விண்ணப்பத்தோடு கல்யாணப் படங்களையும் சேர்க்க வேண்டியிருக்கலாம். முழு ஆல்பம் தாமதமாகலாம். அவசரத்துக்குத் தேவையான இருபது, முப்பது படங்களை ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிட முடியும். தாமதமானால், வீட்டார் கூப்பிடும் முன் நாமே போன் செய்து சொல்லிவிடுவதுதான் மரியாதை. போனை எடுக்காமல் இருப்பது, தாமதத்தைவிட அதிகக் கோபத்தைக் கிளப்பும்.

ஒரே நாளில் இரண்டு கல்யாணம்

ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் கல்யாணம் இல்லை. தையிலும் ஆவணியிலும் ஒரே முகூர்த்த நாளில் ஊரெங்கும் மேளச் சத்தம். வருட வருமானத்தின் பெரும்பகுதி இந்தச் சில நாள்களில்தான் வர வேண்டும். அதனால்தான் ஒரே தேதிக்கு இரண்டு, மூன்று புக்கிங் எடுக்கும் ஆசை வருகிறது. எடுப்பது தவறில்லை, யார் வருவார் என்பதை மறைப்பதுதான் தவறு. மாதிரி ஆல்பத்தைக் காட்டி முன்பணம் வாங்கியவர் ஒருவர், மண்டபத்துக்கு வந்து நிற்பவர் முன்பின் தெரியாத இன்னொருவர் என்றால், அது ஏமாற்று.

மோசமாக ஏமாற்றப்பட்டதாக நினைத்தால், சண்டைக்குப் போக வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடங்களுக்குள் புகார் கொடுக்கலாம்; கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. ஒப்பந்தம், பணம் செலுத்திய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல்கள் கையில் இருக்க வேண்டும்.

நம் பக்கமும் கொஞ்சம்

நாகரிகம் ஒருவழிப் பாதை இல்லையே! அதிகாலை 3 மணிக்கு அலங்கார அறை வாசலில் வந்து நிற்பவர், ரிசப்ஷன் முடிந்து இரவு 11 மணிக்கு லைட்டை மடிக்கும் வரை கால் மீது நிற்கிறார். ‘தம்பி, சாப்பிட்டீங்களா?’ என்று கேட்க யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. கடைசிப் பந்தியில் ரசமும் மோரும் மிஞ்சியிருக்கும்போது அவரைக் கூப்பிடுவதைவிட, டீமில் ஒருவர் மாற்றி ஒருவராகச் சாப்பிட முன்பே ஏற்பாடு செய்யலாம். உபகரணங்களை வைத்துப் பூட்ட ஓர் அறை கொடுக்கலாம்.

பேசிய மீதிப் பணத்தை, பேசிய நாளில் கொடுத்துவிட வேண்டும். ‘ஆல்பம் வரட்டும், பார்த்துக்கலாம்’ என்று இழுத்தடித்துவிட்டு, ‘ஆல்பம் ஏன் லேட்?’ என்று கேட்பதில் நியாயம் இல்லை. ஆல்பத்துக்கான படங்களைத் தேர்ந்தெடுத்துத் தராமல் ஆறு மாதம் வைத்திருப்பதும் பெரும்பாலும் நாம்தான். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஆளைப் பொறுப்பாக்கி, இரண்டு வாரத்தில் முடித்துக் கொடுங்கள். ‘என் நண்பன்கிட்ட இதைவிட நல்ல கேமரா இருக்கு’ என்ற வசனத்தையும் மண்டபத்தில் தவிர்க்கலாம்.

புக் செய்வதற்கு முன் 8 கேள்விகள்

1. எங்கள் கல்யாணத்துக்கு நேரில் வரப்போகிறவர் யார்? அவர் எடுத்த முழு ஆல்பம் ஒன்றைப் பார்க்கலாமா?
2. அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் மாற்று ஏற்பாடு என்ன?
3. மொத்தம் எத்தனை பேர், எத்தனை மணி நேரம்? நேரம் கூடினால் எவ்வளவு?
4. எங்கள் வீட்டுச் சடங்கில் அனுபவம் உண்டா? பெண் போட்டோகிராபர் வருவாரா?
5. படங்களை எத்தனை பிரதி எடுத்து வைப்பீர்கள்? எவ்வளவு காலம்?
6. முதல் படங்கள் என்று வரும்? ஆல்பமும் வீடியோவும் என்று வரும்?
7. எங்கள் அனுமதி இல்லாமல் சமூக வலைதளங்களில் போட மாட்டீர்கள் என்று எழுதித் தருவீர்களா?
8. கல்யாணத் தேதி மாறினாலோ, நின்றுபோனாலோ முன்பணம் என்ன ஆகும்?

பதில்களை ஒரே பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே, கல்யாணத்துக்கு முந்தைய நாள் மாலை மண்டபம் காலியாக இருக்கும்போது, போட்டோகிராபரோடு மேடையில் பத்து நிமிடம் செலவிடுங்கள். மணமக்கள் உட்காரும் இடம் இது, ஐயர் இங்கே, மூன்றாவது முடிச்சு போடும் நாத்தனார் இங்கே, கேமராக்கள் அந்த இரண்டு ஓரங்களில் என்று நின்றே காட்டிவிடுங்கள். அதற்குத் தனியாகக் காசு கேட்க மாட்டார்கள்.